குன்றடிக் காலனிக்குப் படம் எடுத்த ஜெயசீலி அம்மையார்

மேடையில் அமர்ந்திருக்கும் போதகர் ஐயா அவர்களே, சித்தூர் மாவட்டப் புகைப்படக்காரர் சங்கத் தலைவர் அவர்களே, அம்மையாரோடு ஆஸ்பத்திரியில் பணியாற்றிய டாக்டர்களே, நர்சுகளே, முன்வரிசையில் துயரத்தோடு அமர்ந்திருக்கும் தங்கை கிரேஸ் அவர்களே, குன்றடிக் காலனியிலிருந்து இன்றைய கூலியை விட்டுவிட்டு வந்து பின்னால் நிற்கும் பெரியவர்களே, தாய்மார்களே, உங்கள் அனைவருக்கும் திருப்பதி திருவேங்கடத்தின் வணக்கம்.

பேசத் தொடங்குமுன் ஒரு வேண்டுகோள். பின்னால் நிற்கிறவர்கள் முன்னால் வாருங்கள். நாற்காலிகள் காலியாக இருக்கின்றன. இந்த மண்டபத்தில் இன்று உங்களைவிட உரிமையுள்ளவர்கள் யார் இருக்கிறார்கள்? துலுக்காணம் பெரியவரே, வாருங்கள். சென்னம்மா, மகளையும் கூட்டிக்கொண்டு வா. நீங்கள் உட்கார்ந்த பிறகு நான் பேசுகிறேன்.

நன்றி. தெலுங்கு நண்பர்கள் என்னைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். கடையில் எனக்குத் தெலுங்குதான் சோறு போடுகிறது. ஆனாலும் அம்மையாரோடு இருபது ஆண்டு நான் பேசியது தமிழ். அவரைப் பற்றிப் பேச வேறு மொழி எனக்கு வராது.

யார் இந்த ஜெயசீலி அம்மையார்? சித்தூரில் பாதிப்பேருக்கு அவரைத் தெரியும். எப்படித் தெரியும்? கை முறிந்து ஆஸ்பத்திரிக்குப் போனவர்களுக்குத் தெரியும். எக்ஸ்ரே அறையின் இருட்டிலிருந்து, சொட்டச் சொட்ட ஈரமான ஃபிலிமைப் பிடித்துக்கொண்டு, வெள்ளைச் சேலையில் ஒருவர் வெளியே வருவார். "பயப்படாதீங்க, எலும்பு சேந்துக்கும்" என்பார். அதைச் சொல்ல வேண்டியது டாக்டர். டாக்டர் வர நேரமாகும் என்றால் அதுவரை ஒருவர் பயந்துகொண்டிருக்க வேண்டுமா என்று இவர் கேட்பார். வேதநாயகம் உபதேசியாரின் மூத்த மகள் அவர். தகப்பனார் காலமான பிறகு தங்கையை நர்ஸ் படிப்பு படிக்க வைத்தவர். தமக்கென்று ஒரு குடும்பம் வைத்துக்கொள்ளாதவர். இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்தது.

தெரியாததை நான் சொல்கிறேன்.

அறுபத்தாறாம் ஆண்டு என்று நினைவு. திருப்பதி ரயில் நிலையத்துக்கு எதிரே எனக்கு ஒரு சின்ன ஸ்டுடியோ. மொட்டையடித்து வருகிற குடும்பங்களை மலைப்படம் வரைந்த திரைக்கு முன்னால் நிறுத்திப் படம் எடுப்பது என் தொழில். ஒருநாள் இந்த அம்மையார் வந்து நின்றார். படம் எடுத்துக்கொள்ள வந்திருக்கிறார் என்று நினைத்து நாற்காலியைத் துடைத்துப் போட்டேன். அவர் உட்காரவில்லை. "ஒங்ககிட்ட ஒடஞ்ச லென்ஸ் எதனா கீதா?" என்று கேட்டார்.

இருபது வருடத்தில் என் கடைக்கு வந்து உடைந்த பொருளைக் கேட்டவர் அவர் ஒருவர்தான்.

விஷயம் இதுதான். ஆஸ்பத்திரியில் இருந்த வெளிநாட்டு டாக்டர் ஒருவர் ஊர் திரும்பும்போது, ஒரு ரஷ்யக் கேமராவை அம்மையாரிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். கீழே விழுந்து அதன் லென்ஸ் நொறுங்கிவிட்டது. உடம்பு மட்டும் நல்ல நிலையில் இருந்தது. புது லென்ஸ் வாங்க அவர் சம்பளம் எட்டாது. அந்தக் காலத்தில் காசு இருந்தாலும் சுலபத்தில் கிடைக்காது. அவர் சென்னைக்குப் போனபோது மூர் மார்க்கெட்டில் வேறொரு கம்பெனி லென்ஸ் ஒன்றைத் தேடிப் பிடித்திருந்தார். அதன் மரை இந்தக் கேமராவின் மரையில் ஏறாது. நடுவில் ஒரு வளையம் வேண்டும். வளையத்தின் ஒரு பக்கம் ரஷ்யக் கேமராவில் ஏற வேண்டும், மறுபக்கம் அந்த லென்ஸைப் பிடிக்க வேண்டும். என் கடையில் விழுந்து செத்த லென்ஸ் ஒன்று இருந்தது. அதன் அடிமரையை அறுத்து எடுத்து, இதே சித்தூரில் ஒரு லேத் பட்டறையில் கொடுத்துக் கடைந்து, வளையம் செய்துவிட்டார்.

எங்கள் தொழில்காரர்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். லென்ஸுக்கும் ஃபிலிமுக்கும் நடுவே இவ்வளவு இடைவெளி என்று ஒவ்வொரு கேமராவுக்கும் ஒரு கணக்கு உண்டு. அது கொஞ்சம் கூடிவிட்டாலும் தூரத்தில் இருப்பது தெளியாது. அம்மையாரின் வளையம் தடித்துவிட்டது. ஒரு முழத்துக்குள் இருக்கிற பொருள் அப்படியே பளிங்கு மாதிரி தெரியும். அதற்கப்பால் எல்லாம் புகை. நான் சிரித்தேன். "அக்கா, இத வெச்சிக்கினு கல்யாணம் எடுக்க முடியாது, பொண்ணு மூஞ்சிமேல ஏறி உக்காரணும்" என்றேன்.

அவரும் சிரித்தார். வளையத்தைத் தூக்கி எறியவில்லை. ஒரு முழத்துக்குள் எடுக்க வேண்டியது என்ன இருக்கிறது என்று யோசித்திருக்கிறார். அவர் வேலை செய்த இடத்திலேயே அது இருந்தது. பிரசவ வார்டு. பிறந்த குழந்தைகளின் முகங்களை எடுக்க ஆரம்பித்தார். ஆஸ்பத்திரி அனுமதி கொடுத்தது. வேலை முடிந்த பிறகு அவரே கழுவி, அவரே அச்சுப் போட்டு, தாய்மார் வீட்டுக்குப் போகும்போது கையில் கொடுத்தார். கங்காதர நெல்லூர்ப் பக்கத்துக் குடிசைகளில் சுவாமி படத்துக்குப் பக்கத்தில், கண்ணாடி போடாத சின்னப் படமாக ஒரு குழந்தை முகம் தொங்கும். பார்த்திருக்கிறீர்களா? அது அந்தத் தடித்துப்போன வளையம் எடுத்த படம். இந்த மண்டபத்திலேயே எத்தனை பேர் வீட்டில் இருக்கிறது என்று நான் கேட்க மாட்டேன். கை தூக்கினால் கூட்டம் முடிய நேரமாகும்.

அப்படிப் படம் வாங்கிப் போன தாய்களில் ஒருத்திதான் இந்தச் சென்னம்மா.

பெரியோர்களே, இப்போது எண்பத்தோராம் ஆண்டுக்கு வருகிறேன். காலனிக்காரர்கள் அதுவரை அடுத்தவர் நிலத்தில் உழைத்தவர்கள். அரசாங்கம் ஆளுக்குக் கொஞ்சம் நிலம் கொடுத்து, வீட்டு மனை கொடுத்து, குன்றடியில் குடியமர்த்தி நாலைந்து வருடந்தான் ஆகியிருந்தது. ஓடு போட்ட வீடு. முதல்முறையாகத் தங்கள் பெயரில் ஒரு வீடு. காலனிக்கு மேற்கே ஒரு சின்ன ஏரி. ஏரிக்கு அந்தப் பக்கம் பாறைக்குன்று. அந்தக் குன்றில் ஒரு கான்ட்ராக்டர் கல் குவாரி தொடங்கினார். பகலில் சங்கு ஊதும். வெடி வெடிக்கும். கல் ஏரியைத் தாண்டி வந்து ஓட்டின்மேல் விழும்.

ஒருநாள் சென்னம்மாவின் மகள் பொன்னியம்மா வீட்டுக்குள்ளே படுத்திருந்தாள். ஆறு வயது. ஓட்டைப் பிளந்துகொண்டு வந்த கல் தோளில் விழுந்தது. தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தார்கள். எக்ஸ்ரே எடுத்தார்கள். இருட்டறையில் அந்த ஃபிலிமைக் கழுவியது யார்? ஜெயசீலி அம்மையார். பிறந்த அன்று ஒரு முழத்தில் நின்று எடுத்த முகம். இப்போது அதே குழந்தையின் காறை எலும்பு முறிந்து அவர் கையில் ஈரமாகத் தொங்குகிறது. பெயரைப் பார்த்தபோதுதான் தெரிந்ததாம். இருட்டறையை விட்டு வெளியே வர அன்று ரொம்ப நேரம் பிடித்தது என்று என்னிடம் சொன்னார்.

கான்ட்ராக்டர் என்ன சொன்னார் தெரியுமா? கல் ஏரியைத் தாண்டாது, பையன்கள் யாரோ எறிந்த கல் அது, வீடு விரிசல் விடுகிறதென்றால் கட்டினது சரியில்லை என்றார். காலனிக்காரர்கள் அரசாங்க அதிகாரியிடம் மனுக் கொடுத்தார்கள். விசாரணை என்று நாள் குறித்தார்கள். ஏழைச் சொல்லுக்கு எதிரே பணக்காரச் சொல். எது ஏறும்? ஒரு சாட்சி வேண்டும். குவாரிப் பக்கம் கேமராவோடு யாரையும் விட மாட்டார்கள். தூரத்தில் நின்று எடுக்க வேண்டும். தூரத்தை எடுக்க நீள லென்ஸ் வேண்டும். அதற்கு எங்கே போவது?

பழைய மிஷன் பங்களாவைக் காலி செய்து சாமான்களை ஏலம் விட்டபோது, யாரும் கேட்காத ஒரு பித்தளை லென்ஸை அம்மையார் எடுத்து வைத்திருந்தார். கண்ணாடித் தகட்டில் படம் எடுத்த காலத்துப் பெட்டிக் கேமராவின் லென்ஸ். அதை இந்த ரஷ்யக் கேமராவில் மாட்டினால் தூரத்தில் இருப்பது கைக்கெட்டுவது மாதிரி வரும். மாட்டுவது எப்படி? ஒன்றுக்குள் ஒன்று நுழையும் இரண்டு அலுமினியக் குழாய்கள் வாங்கினார். குழாய் பளபளத்தால் படம் வெளுத்துவிடும். எக்ஸ்ரே ஃபிலிம் சுற்றி வரும் கறுப்புத் தாளை உள்ளே ஒட்டினார். குழாய் ஆடாமல் நகர, இடுக்கில் வெல்வெட் துணி. லென்ஸின் துளையைச் சிறிதாக்கக் கறுப்பு அட்டையில் ஓட்டை போட்டார். முதல் தடவை எடுத்தது எல்லாம் வெளிச்சம் கசிந்து வீண். மறு தடவை ஆடிப்போய் வீண். மூன்றாம் தடவை ஸ்டாண்டின் காலில் அரிசி மூட்டையைக் கட்டித் தொங்கவிட்டோம். ஆடவில்லை. மூட்டை சுமந்தது நான்தான் என்பதால் இது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

காலனிக்குக் கிழக்கே ஒரு கரடு இருக்கிறது. அதன்மேல் ஏறி நின்று எடுத்தோம். முன்னால் காலனி ஓடுகள், பின்னால் குவாரி. சங்கு ஊதி, வெடித்து, புகை எழும்பியபோது அம்மையார் அழுத்தினார். அச்சுப் போட்டுப் பார்த்தால், அடடா, என்ன படம்! ஓட்டு வீட்டுக் கொல்லையிலேயே குவாரி வெடிப்பது மாதிரி இருக்கிறது. வீட்டுக் கூரைகளுக்கு மேலே கறுப்பாகக் கற்கள் பறக்கின்றன. துலுக்காணம் பெரியவர் அந்தப் படத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நாம் ஜெயித்துவிட்டோம் என்று நான் காலனி முழுக்கச் சொல்லிவிட்டு வந்தேன்.

அம்மையார் மட்டும் இன்னொன்று செய்திருந்தார். அதே கரட்டில், அதே இடத்தில் நின்று, என் கேமராவை வாங்கி, அதன் சாதாரண லென்ஸால் இன்னொரு படமும் எடுத்து வைத்திருந்தார். அதில் குவாரி வெகு தூரத்தில் ஒரு கீறல் மாதிரி இருந்தது. விசாரணைக்குப் போகிற பஸ்ஸில் இரண்டு படங்களும் அவர் பையில் இருந்தன. இரண்டாவதைக் கொண்டு வர வேண்டாம் என்று நான் கெஞ்சினேன். கேட்டால் பார்த்துக்கொள்ளலாம், கேட்காவிட்டால் பேசாமல் இருக்கலாம் என்றேன்.

அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு சொன்னார்: "லென்ஸு கிட்டத்துல காட்டுது தம்பி. அது அது வேல. அத நெஜம்னு சொன்னா அது என் வாய்ல வர்ற பொய்யி."

விசாரணையில் கான்ட்ராக்டரின் வக்கீல் கெட்டிக்காரர். படத்தைப் பார்த்ததுமே புரிந்துகொண்டார். இந்த லென்ஸ் தூரத்தில் இருப்பதை அருகில் இருப்பதாகக் காட்டுமா என்று கேட்டார். காட்டும் என்றார் அம்மையார். அப்படியானால் கூரைக்கு மேலே தெரிகிற இந்தக் கல், உண்மையில் குவாரிக்கு மேலேயே இருக்கக்கூடும் அல்லவா என்று கேட்டார். இருக்கலாம் என்றார் அம்மையார். அதோடு விட்டாரா? யாரும் கேட்காமலே, பையிலிருந்து இரண்டாவது படத்தை எடுத்து அதிகாரியின் மேசைமேல் வைத்தார். இதே இடத்திலிருந்து கண்ணுக்குத் தெரிவது இப்படித்தான், அந்தப் படத்தை வைத்துத் தூரத்தை முடிவு செய்யாதீர்கள், கல் விழுவது மட்டும் நிஜம் என்றார்.

மனு தள்ளுபடி ஆயிற்று. வேறு சாட்சியம் கிடைத்தால் திரும்ப வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள்.

ஆபீஸ் வாசலில் புங்க மரத்தடியில் காலனிக்காரர்கள் நின்றார்கள். பெரியவர் இங்கே உட்கார்ந்திருக்கிறார். இதை இந்தக் கூட்டத்தில் சொல்லலாமா என்று காலையில் அவரிடம் கேட்டேன். சொல்லு என்றார். அன்று அவர் அம்மையாரின் எதிரே வந்து நின்று கேட்டார்: "எக்ஸ்ரேம்மா, நீ எங்க பக்கம் நிக்க வந்தியா, அவன் பக்கம் நிக்க வந்தியா?"

"ஒங்க பக்கந்தான் துலுக்காணம்" என்றார் அம்மையார். "பொய்ய சொல்லி நின்னா, நாளைக்கி நீங்க நெஜத்த சொன்னாக்கூட எவனும் நம்ப மாட்டான்."

சென்னம்மா மகளைத் தூக்கிக்கொண்டு நடந்துவிட்டாள். வந்த பஸ்ஸில் எல்லோரும் ஏறினார்கள். அம்மையாருக்குப் பக்கத்து இடம் கடைசிவரை காலியாக இருந்தது. நான்கூட அடுத்த வரிசையில்தான் உட்கார்ந்தேன். எனக்கும் மனம் கசந்திருந்தது. நல்லவர்களோடு வேலை செய்வது சில நாட்களில் எவ்வளவு சிரமம் என்று அன்று நினைத்தேன்.

அம்மையார் என்ன செய்தார்? உட்கார்ந்து அழுதாரா? ஊரின் மேல் கோபப்பட்டாரா? வக்கீல் கேட்ட கேள்வியையே திருப்பித் திருப்பி யோசித்தார். கூரைக்கு நேர் பின்னால் குவாரி இருப்பதால்தானே கல் எங்கே இருக்கிறது என்று சொல்ல முடியவில்லை? பக்கவாட்டில் நின்று எடுத்தால்? படத்தில் குவாரியே வராது. கூரை, கூரைக்குப் பின்னால் வெறும் வானம், நடுவில் கல். அப்போது அந்தக் கல் எங்கே இருக்கிறது என்று யார் சந்தேகிக்க முடியும்?

பக்கவாட்டில் நிற்க ஒரே இடம் ஏரிக்கரை. அங்கே நின்றால் குவாரி ஆட்களுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் போனார். அன்று முகூர்த்த நாள், எனக்குத் திருப்பதியில் கல்யாணப் படம் எடுக்கும் வேலை. தனியாகப் போனார். குவாரியிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். கேமராவைக் கழுத்திலிருந்து பிடுங்க முடியவில்லை. கையை முறுக்கி, லென்ஸ் குழாயைப் பிடுங்கிக் கல்லில் அடித்தார்கள்.

மறுநாள் கடைக்கு வந்தார். சேலைத் தலைப்பில் ஒரு பொட்டலம். மணிக்கட்டு வீங்கி இருந்தது. போலீசுக்குப் போகலாம் என்று நான் கத்தினேன். அவர் பொட்டலத்தைப் பிரித்து, லென்ஸை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "கண்ணாடி முழுசா போவல தம்பி. ஓரம் மட்டுந்தான் பேந்துருக்கு. கறுப்பு மை கீதா?" என்றார்.

பெயர்ந்த இடத்தில் மையைத் தொட்டு வைத்தார். அந்த இடத்தில் வெளிச்சம் பட்டுச் சிதறாமலிருக்க அது போதும். குழாயின் நசுங்கலைத் தட்டி எடுத்தோம். படம் முன்னைவிடக் கொஞ்சம் மந்தம். ஆனால் படம் வந்தது.

இந்தச் செய்தி காலனிக்கு எப்படிப் போயிற்று என்று எனக்குத் தெரியாது. ஆஸ்பத்திரி ஆயாக்கள் யாராவது சொல்லியிருப்பார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து அம்மையார் வெளியே வருகிறார். இந்த மண்டபத்துக்குப் பக்கத்திலிருக்கிற நம் மாதா கோயில் வாசலில் சென்னம்மா நிற்கிறாள். அவளோடு பத்துப் பன்னிரண்டு பெண்கள். மனு தள்ளுபடி ஆன நாளிலிருந்து அவர்கள் பேசிக்கொள்ளவில்லை. சென்னம்மா அம்மையாரின் வீங்கின கையைப் பிடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "இனிமே நீ தனியா போவாத எக்ஸ்ரேம்மா. நாங்க வர்றோம். ஒருநாளு கூலிக்குப் போவலன்னா செத்துப் பூட மாட்டோம்."

அடுத்த முறை ஏரிக்கரையில் நானும் இருந்தேன். பெண்கள் எல்லோரும் புல் அறுக்கிற அரிவாளோடு வந்திருந்தார்கள். எங்களைச் சுற்றி உட்கார்ந்து புல் அறுக்க ஆரம்பித்தார்கள். குவாரிப் பக்கத்திலிருந்து அதே இருவர் வந்தார்கள். யாரும் அரிவாளை ஓங்கவில்லை. யாரும் ஒரு வார்த்தை திட்டவில்லை. அறுத்துக்கொண்டே தலையைத் தூக்கிப் பார்த்தார்கள், அவ்வளவுதான். அந்த இருவரும் கொஞ்ச நேரம் நின்றார்கள். பிறகு போய்விட்டார்கள்.

அம்மையார் நீள லென்ஸைக் காலனிக் கூரைகளின்மேல் வைத்தார். நான் பக்கத்தில் நின்று என் சொந்தக் கேமராவில் குவாரியும் ஏரியும் காலனியும் ஒன்றாக வரும்படி வைத்தேன். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அழுத்த வேண்டும். அவர் சொன்னால் நான் அழுத்த வேண்டும். காலனியில் ஆட்களை முன்னாலேயே வெளியேற்றி வேப்பந்தோப்புக்கு அனுப்பிவிட்டிருந்தோம்.

சங்கு ஊதியது. வெடித்தது. புகை எழுந்தது. அம்மையார் அழுத்தவில்லை. நான் பதறினேன். அவர் கண்ணை எடுக்கவே இல்லை. புகையை அவர் பார்க்கவில்லை, கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகுதான் "இப்போ" என்றார். இரண்டு கேமராவும் ஒன்றாகச் சொடுக்கின. அதே நொடியில் ஓடு உடைகிற சத்தம் கேட்டது. எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். உடைந்தது சென்னம்மாவின் கூரை. புதிதாக ஓடு மாற்றிப் போட்ட கூரை.

அவள் அழவில்லை. அரிவாளைக் கீழே வைத்துவிட்டு, அம்மையாரைப் பார்த்துக் கேட்டாள்: "எடுத்துட்டியா?"

"தெர்ல சென்னம்மா. கழுவினாத்தான் தெரியும்" என்றார் அம்மையார். அப்போதுகூட எடுத்துவிட்டேன் என்று ஓர் ஆறுதல் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

அன்று மாலை எக்ஸ்ரே இருட்டறைக்கு வெளியே பெஞ்சில் சென்னம்மாவும் நானும் உட்கார்ந்திருந்தோம். அவள் மடியில் பொன்னியம்மா. கதவு திறந்தது. எலும்பு முறிந்தவர்களிடம் வருவாரே, அதே மாதிரி ஈர ஃபிலிமைப் பிடித்துக்கொண்டு வந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. விளக்குக்கு எதிரே பிடித்துக் காட்டினார். கூரை. வானம். கூரைக்கு ஒரு சாண் மேலே கல். சென்னம்மா அந்தக் கல்லைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மையார் சென்னம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறு விசாரணை வந்தது. அதே அதிகாரி. அதே வக்கீல். இந்த லென்ஸும் கிட்டத்தில் காட்டுகிற லென்ஸ்தானே என்று வக்கீல் கேட்டார். ஆமாம் என்றார் அம்மையார். கூரைக்குப் பின்னால் இருப்பது வானம் மட்டுந்தான், அதை எவ்வளவு கிட்டே காட்டினாலும் வானத்திலிருந்து கல் வராது என்றார். என் படத்தையும் பக்கத்தில் வைத்தார். அதில் குவாரியில் புகை, ஏரி, அதே கூரை. வக்கீல் வேறு கேள்விகள் வைத்திருந்தார். அதிகாரி கையைக் காட்டி நிறுத்தினார். அவர் தெலுங்கில் சொன்னதை நான் தமிழில் சொல்கிறேன்: போன முறை தன் படத்தையே நம்பாதீர்கள் என்று சொன்னவர் இவர், இந்த முறை நம்புங்கள் என்கிறார், நான் நம்புகிறேன்.

கல் விழும் தூரத்தை அளக்க ஆள் அனுப்பினார்கள். வெடி வைப்பது நின்றது. சில மாதத்தில் குவாரி மூடப்பட்டது. காலனியின் கூரைகள் இன்று முழுசாக இருக்கின்றன. பொன்னியம்மா இதோ முன்வரிசையில் இருக்கிறாள். ஏழாம் வகுப்புப் படிக்கிறாள்.

பெரியோர்களே, நான் ஒன்று கேட்கிறேன். முதல் விசாரணையில் அம்மையார் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஒருவேளை அன்றே ஜெயித்திருப்போம். ஒருவேளை மேல் விசாரணையில் உடைந்திருப்போம். எனக்குத் தெரியாது. தெரியாததைத் தெரியும் என்று சொன்னால் அந்த அம்மாள் என்னை மன்னிக்க மாட்டார். ஒன்று மட்டும் தெரியும். ஊரே முகம் திருப்பிக்கொண்ட அந்த நாட்களில் அவர் தனியாக ஏரிக்கரைக்கு நடந்தார். நம்மில் எத்தனை பேர் நடந்திருப்போம்?

அதற்குப் பிறகு எங்கள் சங்கத்தில் சேர்ந்தார். சங்கத்தின் முதல் பெண் உறுப்பினர். காணிப்பாக்கத்தில், கங்காதர நெல்லூரில், சித்தூரில் சின்னச் சின்னக் கடை வைத்திருக்கிற எங்கள் ஆட்களுக்கு லென்ஸ் உடைந்தால், மரை தேய்ந்தால், அவர்கள் நேரே ஆஸ்பத்திரிக் குடியிருப்புக்குத்தான் போவார்கள். எக்ஸ்ரே எடுக்க வந்த கூட்டம் எது, லென்ஸ் பொருத்த வந்த கூட்டம் எது என்று வாட்ச்மேனுக்கே குழப்பம். ஒருவரிடமும் அவர் இது முடியாது என்று சொன்னதில்லை. இது இவ்வளவுதான் செய்யும் என்று மட்டும் சொல்வார். தடித்த வளையம் தூரத்தை எடுக்காது, நீள லென்ஸ் தூரத்தைச் சொல்லாது. அதைத் தெரிந்துகொண்டு எடு என்பார்.

கடைசி ஒரு வருடம் மூச்சு நோய் அவரைப் படுத்தியது. தங்கை கிரேஸ் பக்கத்திலேயே இருந்தார். எந்த ஆஸ்பத்திரியில் இரவும் பகலும் உழைத்தாரோ அதே ஆஸ்பத்திரியில், தங்கை கையைப் பிடித்துக்கொண்டு கண் மூடினார். கிரேஸ் அவர்களே, உங்களுக்கு நாங்கள் சொல்லும் ஆறுதல் எதுவும் போதாது. ஆனால் நீங்கள் தனியாக இல்லை. இந்த மண்டபத்தைத் திரும்பிப் பாருங்கள். தமிழர், தெலுங்கர், கிறிஸ்தவர், இந்து என்று எத்தனை பேர். இவர்கள் எல்லோரும் உங்கள் வீட்டு மனிதர்கள்.

இனி நம் கடமை என்ன? படம் திறந்து மாலை போட்டுக் கலைந்துவிடலாமா?

போன வாரம் அம்மையார் நினைவோடு இருந்தபோது ஏர்பேட்டிலிருந்து நாலு விவசாயிகள் அவரைத் தேடி வந்தார்கள். அவர்கள் ஊர் ஏரிக்கரை மண்ணை யாரோ லாரி லாரியாக அள்ளிப் போகிறார்களாம். மழை வந்தால் கரை நிற்காது, பயிர் மட்டுமல்ல, ஊரும் போய்விடும் என்கிறார்கள். படுக்கையிலிருந்தே அவர்கள் சொன்னதைக் கேட்டார். பேச முடியவில்லை. பக்கத்தில் நின்ற என்னைக் கையால் காட்டினார். அந்த நாலு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் சரி என்று சொன்னேன். அவர் என்னிடம் கடைசியாகக் கேட்டது அதுதான், நான் அவருக்குக் கடைசியாகச் சொன்னதும் அதுதான்.

எங்கள் சங்கத்தின் சார்பில் இந்தச் சபையில் உறுதி சொல்கிறேன். எந்த ஊர் ஏழை வந்து கேட்டாலும் எங்களில் ஒருவர் கேமராவோடு போவோம். எடுத்த படம் எதைச் சொல்கிறதோ அதை மட்டும் சொல்வோம். நமக்கு எதிராக இருந்தாலும் சொல்வோம். இதை ஒப்புக்கொள்கிற உறுப்பினர்கள் எழுந்து நில்லுங்கள்.

நன்றி. உட்கார வேண்டாம். மற்றவர்களும் எழுந்து நில்லுங்கள். அம்மையாருக்காகச் சற்று நேரம் அமைதியாக நிற்போம்.

அமைதிக்குப் பிறகு போதகர் ஐயா ஜெபம் செய்வார். அதற்கு முன் ஓர் அறிவிப்பைச் சொல்லி முடிக்கிறேன். நாளைக் காலை முதல் பஸ்ஸில் நான் ஏர்பேட்டுக்குப் போகிறேன். மண் லாரிக்காரர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று எனக்குத் தெரியாது. தனியாகப் போக எனக்குப் பயமாக இருக்கிறது. வர முடிந்தவர்கள் வாருங்கள்.

சென்னம்மா கையைத் தூக்குகிறாள். நல்லது தாயே. பஸ் ஸ்டாண்டில் பார்ப்போம்.